மூன்றாவது படம்

அட்டையில் ஏழு பையன்கள்.
முகம் கிடையாது, சட்டை கிடையாது.
இடக்கோடியில் நிற்பவன் ஊதினால் பறப்பான்.
வலக்கோடியில் நிற்பவன் வாசலை அடைப்பான்.
"இதில் உங்கள் ஆன்செல்மோ யார்?"
என்கிறாள் நர்ஸ் மிரேயா.
வெளியே தல்கவானோ துறைமுகத்தில் மழை.
மீன்மாவு ஆலையின் வாடை
மூடிய ஜன்னலைத் தாண்டி வந்து
எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

யோசிக்கவே இல்லை நான்.
மூன்றாவது படத்தில் விரலை வைத்தேன்.

தலையாட்டிவிட்டு
தாளில் ஒரு எண்ணை எழுதினாள்.
பதினொரு வருஷமாக மீன் டப்பா லேபிள்களைத்
தலைகீழாகப் படித்துத் தள்ளுகிறவள் நான்.
அவளுக்கு அது தெரியாது.

ஆறு.

"இவன் அப்பா வீட்டில்
எல்லோருக்கும் எலும்பு கனம்" என்றேன்.
எலும்பு எத்தனை கிலோ கனக்கும்
என்று அவள் கேட்கவில்லை. நல்ல பெண்.
"உயரம் போட்டால் சரியாகிவிடும்" என்றேன்.
"ஆமாம், சில பிள்ளைகளுக்கு" என்றாள்.
அந்த 'சில' மட்டும்
மேஜைமேல் கொஞ்சநேரம் கிடந்தது.

நான்கு வயது. இருபத்தைந்து கிலோ.
சொல்லாமல் விட்டது:
ஏழாம் மாசம் பிறந்தவன்.
ஆயிரத்து முந்நூற்றைம்பது கிராம்.
கண்ணாடிப் பெட்டியின் இரண்டு ஓட்டைகள் வழியாக
நாற்பத்தோரு நாள் அவனைத் தொட்டேன்.
என் மோதிரம்
அவன் முழங்கை வரை ஏறும்.
தினமும் காலையில் தராசு.
இருபது கிராம் கூடியிருக்கிறது என்ற அன்று
எவாரிஸ்தோ மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான்,
முன்பின் தெரியாத துப்புரவுக்காரி
அவன் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

அப்போதெல்லாம் முள் ஏறினால்
வார்டே கைதட்டும்.
எந்தத் தேதியோடு
கைதட்டலை நிறுத்த வேண்டும் என்று
டிஸ்சார்ஜ் சீட்டில் யாரும் எழுதித் தரவில்லை.

எனக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய், மிரேயா?
எட்டு வயதுக்கான கால்சட்டை எடுப்பேன்.
போட்டுவிடும் முன் அளவுச்சீட்டைக் கத்தரித்துவிடுவேன்,
பிள்ளைக்குக் கழுத்தில் உறுத்துமாம்.
கால்சட்டைக்கு ஏது கழுத்து.

பிஸ்கட் பெட்டிகளில்
அரசாங்கம் குத்திய கறுப்பு எண்கோணங்கள்:
சர்க்கரை அதிகம், கொழுப்பு அதிகம்.
அவற்றைத் தொட்டுத் தொட்டுத்தான் அவன்
ஒன்று இரண்டு மூன்று படித்தான்.
பிறகு நான் பெட்டிகளைச் சுவர்பக்கம் திருப்பி வைத்தேன்.
முதுகு காட்டி நின்றாலும்
பெட்டிகள் காலியாகத்தான் செய்தன.

பாலர் பள்ளியில் ஒரு தாய்
'குண்டன்' என்று சொன்ன தன் மகனை அதட்டினாள்.
அவள் அதட்டியதுதான் எனக்கு அதிகம் வலித்தது.
பொய் சொன்னதற்கா அவனை அதட்டினாள்?

இதற்குள் ஆன்செல்மோ
அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.
"இவங்களுக்கு ஏன் மூஞ்சி இல்ல?"
மிரேயாவின் பேனாவைக் கேட்காமலே எடுத்து
வலக்கோடிக்காரனுக்கு மீசை வரைந்தான்.
"அப்பா."
இடக்கோடிக்காரனுக்கு நாலு கால் வரைந்தான்.
பக்கத்து வீட்டு நாய்.
பிறகு பேனாவை நிமிர்த்திப் பிடித்து
என்னைப் பார்த்தான்.
"நான் எங்கேம்மா?"

விரல் இன்னும் மூன்றில்தான் இருந்தது.
ரப்பர் கையுறையின் மாவு
நகக்கண்ணில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.
தூக்கினேன்.
நான்கில் வைத்தேன்.

அதற்குமேல் அன்று நகரவில்லை.
மிரேயா எதையும் எழுதவில்லை.

பஸ் நிறுத்தத்தில், பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே
பூசணி சோபாய்பியா பொரிக்கும் வண்டி.
வழக்கமாக மூன்று. ஒன்று கேட்டேன்.
எண்ணெய் வடித்தபடியே கடைக்காரர்
பையனை ஏற இறங்கப் பார்த்து,
"ஒன்றுதானா? ஐயோ,
பிள்ளை இளைத்துப் போயிருக்கிறானே" என்றார்.

மழையில் ஒரு நிமிஷம்,
முழுசாக ஒரு நிமிஷம்,
அவரை நம்பினேன்.